கன்னியம்மா தலையில் பேன் இல்லை

மண்ணெண்ணெய் நெற்றியில் வழிந்து இமையைத் தொட்டதும் கண் தீயாய் எரிந்தது. அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறைக்கு மயிலாப்பூர் சித்தி வீட்டுக்குப் போய், தலை நிறையப் பேனோடு மேற்குத் தாம்பரம் திரும்பியிருந்தேன். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு ஈர்கொல்லியால் வாரி, "வெளியில மூச்சு விடாதே, ஆபீஸர் வீட்டுப் பொண்ணுக்குப் பேனான்னு சிரிப்பாங்க" என்றாள்.

பள்ளி திறந்தது. ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் கன்னியம்மா. அவள் வீட்டில் எல்லோரும் கல்குவாரியில் ஜல்லி உடைப்பவர்கள். அவளிடம் புத்தகம் இல்லாததால் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டி ஒரே புத்தகத்தைப் படிப்போம். ஒருநாள் என் கழுத்தில் பேன் ஊர்வதைப் பார்த்த டீச்சர், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கன்னியம்மாவைக் கடைசி வரிசைக்குப் பின்னால் தரையில் உட்கார வைத்தார். "குவாரிப் பிள்ளைங்ககிட்ட ஒட்டி உட்காராதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று திட்டு மட்டும் எனக்கு.

மறுநாள் அவள் அம்மா, புடவையெல்லாம் கல்தூசியோடு வந்து வாசலிலேயே நின்றாள். "டீச்சரம்மா, நீங்களே பாருங்க, எம் பொண்ணு தலையில ஒரு ஈராவது கீதா?" டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "உங்க ஜனங்களுக்குச் சுத்தம் ஏது? மொட்டையடிச்சுக் கூட்டிட்டு வா."

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

மொட்டைத் தலையோடு நான்கு நாள் வந்தாள். பையன்கள் தலையில் தட்டித் தட்டி ஓடினார்கள். ஐந்தாம் நாள் வரவில்லை. பிறகு வரவே இல்லை. வீட்டில் சொன்னபோது அம்மா, "நல்லவேளை, பழி நம்ம மேல வரலை" என்றாள்.

மாதங்கள் கழித்து அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போகையில், குவாரி லாரியருகே ஜல்லிக் கூடையோடு அவளைப் பார்த்தேன். கூடையை இறக்காமலே கேட்டாள்: "இன்னா, உனுக்குப் பேன் போச்சா?" குரலில் கோபமே இல்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

இன்று அந்தக் குவாரி இல்லை. கம்பிவேலிக்குள் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. ஜல்லி உடைத்தவர்கள் எங்கே போனார்களென்று கேட்க ஆளில்லை. நான் சிட்லபாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். வேலைக்கு வரும் பெண்கள் லிஃப்டில் ஏறக்கூடாதென்று போன மாதம் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று செயலாளர் இரண்டு முறை கேட்டார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நோட்டு என்னிடம் வந்தபோது கையெழுத்துப் போட்டேன்.