அவிழாத முடிச்சு

தேற்றாத்தீவுப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தில் விவசாயம் படிப்பித்த ரீச்சர், வந்ததும் எங்களைப் பார்க்க மாட்டார். குடையை வேப்பங்கொப்பில் மாட்டிவிட்டு நேரே பள்ளிக்கூட ஆட்டிடம் போவார். அதன் இடப்பக்க வயிற்றில், இரைப்பை அசைகிற இடத்தில் உள்ளங்கையை வைத்து, பாட்டுக் கேட்பவர் போலக் கண்ணை மூடுவார். வயிறு அசைந்தால்தான் அவருக்குப் பாடம் நடத்த மனம் வரும். நெட்டையான மனுஷி, சேலைக்கரையில் எந்நேரமும் சாணி.

சுனாமி உப்பாக்கிவிட்டுப் போன பள்ளிக்கூடத் தோட்டத்தில் எதைப் போட்டாலும் கருகியது. அடுத்த மாரி மண்ணைக் கழுவிய பிறகு, சாணமும் குழையும் கொத்திப் புரட்டி, ஒரேயொரு பாத்தி கீரையை எழுப்பினோம். அந்த நேரம் பார்த்து ஆடு நோயில் படுத்தது. மருந்து பருக்கினோம், எழும்பி நின்றதே தவிர, வயிறு அசையவில்லை, எந்தக் குழையை நீட்டினாலும் முகத்தைத் திருப்பியது.

ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் பாத்தி மொட்டை. நடுவில் ஆடு நிற்கிறது.

“ரீச்சர், கீரை முழுக்கத் திண்டுட்டுது!” எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கிருந்தோ ஓடிவந்தவர் ஆட்டின் வயிற்றில் கைவைத்துக் கண்ணை மூடினார். பிறகு சின்னப்பிள்ளை போலக் கைதட்டினார்.

“அசையுது புள்ளயள்! மண்ணுக்கும் சுகம், ஆட்டுக்கும் சுகம். கீரை திருப்பித் தழைக்கும், அடிக்கட்டை கிடக்குதானே.”

அழுதுகொண்டே சிரித்தேன்.

ஆட்டைக் கட்ட அவர் எங்களுக்குப் பழக்கிய முடிச்சு, ஆடு எவ்வளவு இழுத்தாலும் அவிழாது. கயிறு அறுந்திருக்கவும் இல்லை. அழகாகச் சுருட்டி, வேப்பங்கொப்பில், ரீச்சரின் குடைக்குப் பக்கத்தில் தொங்கியது.