‘வேணும்’ என்று சொன்னேன்

ஆடுகளுக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் முதலில் தெரிந்தது. இடுப்புக் குடத்தை இறக்கக் குனிந்தேன். கீழே ஏதோ நழுவி வந்து உட்கார்ந்தது. வலி இல்லை. தொடைகளுக்கு நடுவில் ஓர் எலுமிச்சம்பழத்தை இடுக்கிக்கொண்டது போல் இருந்தது. படுத்து எழுந்தபோது உள்ளே போய்விட்டிருந்தது. போனது போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

நாங்கள் புதூர்ப் பக்கம். கரிசல்காட்டில் ஆடு மேய்க்கிற குடும்பம். எங்கள் தெருவில் பத்தாவது வரை படித்த முதல் பெண் நான். அந்தப் படிப்பு இத்தனை காலமாக ஆட்டு மருந்து பாட்டிலில் இருப்பதை வாசிக்கத்தான் உதவியது. இப்போது இதை எழுத உதவுகிறது. நான் எழுதியதை என் மகள் செல்வி கைபேசியில் தட்டித் தருகிறாள். சில இடங்களில் முகம் சுளிப்பாள். சுளிக்கட்டும்.

தும்மல் வரும்போது கால்களைப் பின்னிக்கொள்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். கல்யாண வீட்டில் பந்தி முடியும்வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களுக்காகவும், உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருபவர்களுக்காகவும்தான். நீங்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் உங்களைப் பார்த்திருக்கிறேன்.

எலுமிச்சை நாளடைவில் மாங்காய் அளவானது. இருமினால் சிறுநீர் கசிந்தது. போக வேண்டும் என்று உட்கார்ந்தால் வரவில்லை. மழை பெய்த கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், மண் காலோடு அப்பிக்கொண்டு பாதத்தைத் தூக்கவிடாது. எனக்குக் கோடையிலும் உள்ளுக்குள் அந்தப் பாரம் இருந்தது.

அதோடு நான் இழந்தது கிடையை. ஆற்றுப் பக்கம் நெல் அறுப்பு முடிந்ததும் எங்கள் ஆடுகள் கயத்தாறு வழியாகத் தெற்கே நடக்கும். அறுத்த வயலில் வலையடித்து ஆடுகளை அடைத்துப் போடுவோம்; வயலுக்கு எரு கிடைக்கும். இதைத்தான் கிடை மறித்தல் என்போம். கல்யாணமான வருடத்திலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்தேதான் போவோம். ஊரில் மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் என்று ஒரே கூட்டம். கிடையில்தான் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஒரு தார்ப்பாய், அடியில் வைக்கோல். எங்கள் குடித்தனம் உண்மையில் அங்கேதான் நடந்தது. “ஏட்டி” என்று அவர் வரப்பிலிருந்து கூப்பிடுகிற குரலுக்கு நான் நூறு ஆடுகளுக்கு நடுவிலும் திரும்புவேன்.

அந்த நடை என்னால் முடியாமல் போனது. அவர் மட்டும் போனார்.

வீட்டுக்கு வருகிற நாட்களிலும் நான் விலகிப் படுத்தேன். முதலில் முழங்கால் வலி என்றேன். பிறகு செவ்வாய், வெள்ளி என்றேன். பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அவர் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று பயந்த நானே, ஏன் கேட்கவில்லை என்று கோபமும் பட்டேன்.

அந்தச் சமயத்தில் அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. காட்டிலிருந்து வரும் வழியில் பம்புசெட்டில் குளித்துவிட்டு, மல்லிகை வாசனைச் சோப்பு மணக்க மணக்க வீட்டுக்குள் நுழைவார். ஆட்டுக்காரனுக்கு இந்த மணம் எதற்கு, இந்த வயதில் யாரை மயக்க என்று எனக்குள் வெந்தது. அவரிடம் முன்பிருந்த ஆட்டு வாடை, பால் வாடை, பீடிப் புகை எல்லாம் போய்விட்டன. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் புருஷன்மேல் ஆசை தீரவில்லை என்று எழுத எனக்கு வெட்கமில்லை. தீரவில்லை, அவ்வளவுதான். (இந்த வரியைத் தட்டியதும் செல்வி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.)

இனி நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். குட்டி போட்ட ஆட்டுக்குச் சில நேரம் கர்ப்பப்பை வெளியே தள்ளிவிடும். படிகாரத் தண்ணீரில் கழுவி, மேலே சீனி தூவுவோம். வீக்கம் வற்றிச் சுருங்கும். பிறகு மெல்ல உள்ளே தள்ளி, மறுபடி வராமல் இடுப்பைச் சுற்றிக் கயிற்றால் ஒரு கட்டுப் போடுவோம். எத்தனையோ ஆடுகளுக்கு என் கையால் செய்திருக்கிறேன். ஆட்டுக்குக் கேட்பது எனக்குக் கேட்காதா என்று நினைத்தேன். படிகாரம், சீனி, அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து ஒரு கட்டு. கயிறு போடாததே என் அதிர்ஷ்டம்.

எங்கள் தொழிலில் இன்னொன்றும் உண்டு. ஒரு தடவை தள்ளின ஆட்டை அடுத்த வருடம் மந்தையில் வைக்க மாட்டோம். மறுபடியும் தள்ளும் என்று சந்தைக்கு அனுப்பிவிடுவோம். கட்டை இறுக்கும்போதெல்லாம் இந்த நினைப்பு வரும். அவரிடம் வாய் திறக்காததற்கு இதுதான் காரணம்.

கட்டு உரசி உரசிப் புண்ணானது. காய்ச்சல் வந்தது. அவர் அப்போது தெற்கே கிடையில் இருந்தார். கயத்தாற்றில் வாழ்க்கைப்பட்ட செல்வி வந்து என்னைக் கோவில்பட்டிக்கு அழைத்துப் போனாள். பரிசோதித்த பெண் மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னம்மா போட்டீங்க இதுல?”

“படிகாரத் தண்ணி டாக்டர். பொறவு கொஞ்சம் சீனி.”

“சீனியா?”

“ஆட்டுக்குப் போடுவோம்லா.”

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு முகம் மாறியது. “சீனியை விட இந்தக் கட்டுதான் மோசம். தேய்ச்சுத் தேய்ச்சு இவ்வளவு பெரிய புண்ணு. உங்களுக்குச் சுகர் வேற இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

நோயின் பெயர் கருப்பை இறக்கம் (கருப்பையைத் தாங்கும் இடுப்புத் தசைகளும் நார்களும் தளர்ந்து, அது பிறப்புறுப்பு வழியாகக் கீழே வருவது). எனக்குக் கூடவே சிறுநீர்ப்பையும் சரிந்திருந்தது. பிள்ளைப்பேறு, தூக்கிய சுமை, மாதவிடாய் நின்றபின் வரும் தளர்ச்சி எல்லாம் சேர்ந்து வருவதாம். புற்றுநோய் இல்லை, பாவமும் இல்லை. இது எத்தனையோ பெண்களுக்கு இருக்கிறது. யாரும் சொல்வதில்லை என்றார் மருத்துவர்.

முதலில் புண் ஆற மருந்து. சர்க்கரையைக் குறைக்க ஊசி. பிறகு பெசரி (கருப்பையைத் தாங்கிப் பிடிக்க உள்ளே வைக்கும் மெத்தென்ற வளையம்). சிலர் இதை வைத்துக்கொண்டே அறுவை சிகிச்சை இல்லாமல் காலத்தை ஓட்டுகிறார்கள். எனக்கு அந்த வளையம் நிற்கவில்லை. குத்துக்கால் வைத்து உட்கார்ந்ததும் கழன்று விழுந்தது. பெரிய வகை வளையம் நிற்கும். ஆனால் அதைப் போட்டால் தாம்பத்தியம் முடியாது என்றார்.

மிச்சமிருந்த வழிகளை மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கருப்பையை எடுக்காமல் மேலே தூக்கித் தைப்பது ஒன்று. என் உடம்புக்கு அது தோதில்லை என்றார். இன்னொன்று, கருப்பையைக் கீழ்வழியாகவே எடுத்துவிட்டு, பிறப்புறுப்புப் பாதையின் தளர்ந்த சுவர்களை இறுக்கித் தைத்து, மேல்முனையை முதுகெலும்போரம் உள்ள உறுதியான நாரோடு இழுத்துக் கட்டுவது. தொய்ந்த கட்டில் கயிற்றை இழுத்துக் கட்டுகிற மாதிரிதான். கடைசி வழி, பிறப்புறுப்பின் பாதையையே தைத்து அடைத்துவிடுவது. அது சின்ன அறுவை சிகிச்சை. சர்க்கரை உள்ள உடம்புக்குப் பாரம் குறைவு. மறுபடி இறங்குவதும் அரிது. ஆனால் அதற்குப் பிறகு உடலுறவு கிடையாது, திறக்கவும் முடியாது.

“அதனால கேக்கறேன். உங்களுக்கு அது தேவையா, வேண்டாமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி சொன்னாள்: “அதெல்லாம் எதுக்கு டாக்டர். பேரன் பள்ளிக்கூடம் போறான். எது சின்னதோ அதையே செஞ்சிருங்க.”

அவள்மேல் தப்பில்லை. பெற்றவள் பிழைத்து வர வேண்டும் என்பதுதான் அவள் கவலை. நானும் தலையாட்டியிருப்பேன். மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்தேன். பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டு அடைத்துக் காட்டியிருந்தார். தார்ப்பாயும் வைக்கோலும் நினைவுக்கு வந்தன. கண் கலங்கிவிட்டது.

“எனக்கு வேணும்.”

“எம்மா!” என்றாள் செல்வி.

“நீ சும்மா இரிட்டி. டாக்டர், அந்த வழி எனக்கு வேணும். அடைக்க வேண்டாம்.”

“உங்க வீட்டுக்காரர்கிட்டயும் பேசிட்டுச் சொல்றீங்களா?”

“அவியகிட்டக் கேக்கல. அவியளுக்கு வேணுமா, வேண்டாமான்னு எனக்குத் தெரியாது. எனக்கு வேணும்னுதான் சொல்லுதேன்.”

மருத்துவர் அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். அது பெரிய அறுவை சிகிச்சை, சர்க்கரை இறங்கினால்தான் செய்ய முடியும், பிற்காலத்தில் மறுபடி கொஞ்சம் இறங்கவும் கூடும் என்று மறைக்காமல் சொன்னார். நான் சரி என்றேன். செல்வி வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை. அவருக்கு வேண்டுமா என்றே தெரியாத ஒன்றுக்காக உயிரைப் பணயம் வைக்கிறோமோ என்று எனக்கும் பயம்தான்.

அறுவை சிகிச்சையன்று அவர் வந்தார். செல்வி போனில் எல்லாம் சொல்லியிருந்தாள். நான் ‘வேணும்’ என்றதை மட்டும் சொல்லவில்லை. அங்கேயும் மல்லிகைச் சோப்பு. தலைமாட்டில் நின்றுகொண்டு, “எங்கிட்டச் சொல்லக் கூடாதா?” என்றார்.

“தள்ளின ஆட்டை நீங்க மந்தையில வச்சிருந்ததுண்டா?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். சர்க்கரை நோயாளிக்கு, அதுவும் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டிய நேரத்தில்! நர்ஸம்மா போட்ட சத்தத்தில் அவர் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார்.

முதுகில் ஊசி போட்டார்கள் (இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும்). விழிப்போடுதான் இருந்தேன். வயிற்றில் கத்தி படவில்லை. என் மூன்று பிள்ளைகளும் இருந்த பை வெளியே வந்தது. அதைப் பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன்.

சிறுநீருக்கு வைத்த குழாயை எடுத்தபின் சிறுநீர் வரவில்லை. மறுபடி குழாய். அதற்குத்தான் நான் அழுதேன், வலிக்கு அழவில்லை. அது பலருக்கு நடப்பதுதான், பயப்படாதீர்கள். எனக்கு அடுத்த தடவை வந்துவிட்டது. வலது பின்பக்கம் குத்திக்கொண்டே இருந்தது. நாரில் தையல் போட்ட இடம் அது, நாளாக நாளாக விடும் என்றார்கள். விட்டது.

வீட்டில் குடம் தூக்கக் கூடாது, குத்துக்கால் வைக்கக் கூடாது, முக்கக் கூடாது. வாழ்நாளெல்லாம் தூக்கியே பழகிய கைகள் சும்மா இருக்கத் தெரியாமல் தவித்தன. சிறுநீரை அடக்குவது போல் அடித்தசையை இறுக்கி, பிடித்து, விடுகிற பயிற்சி கொடுத்தார்கள். குட்டிகள் பால் குடிக்கிற நேரத்தில் உட்கார்ந்து செய்வேன். பார்க்கிறவர்களுக்கு நான் சும்மா இருப்பதாகத்தான் தெரியும். தையல் ஆறும்வரை அவர் கிடைக்குத் தம்பியை அனுப்பிவிட்டு, வீட்டில் தண்ணீர் எடுத்தார். ஊர் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் பக்கத்தில் வரவில்லை. குளித்துவிட்டு வந்து வாசலோரமாகவே படுத்துக்கொண்டார்.

கடைசிப் பரிசோதனையில் நன்றாக ஆறிவிட்டது என்றார் மருத்துவர். உள்ளே தடவ ஒரு களிம்பு கொடுத்து, “இனி உங்க விருப்பம். அவசரம் வேண்டாம். வலிச்சா நிறுத்துங்க” என்றார். எனக்குச் சின்னப் பெண்ணைப் போல முகம் சுட்டது.

அடுத்த அறுப்பு வந்தது. அவர் ஆடுகளோடு முன்னால் நடந்தார். நான் வெறுங்கையோடு பஸ்ஸில் கயத்தாறு போய், அங்கிருந்து செல்வியின் வீட்டுக்காரர் வண்டியில் வயலுக்குப் போனேன். அப்போது சாயங்காலம். அவர் வரப்பு வழியே குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார். தார்ப்பாய்க்கு வெளியே உட்கார்ந்தோம். இனியும் தாங்காது என்று கேட்டேவிட்டேன்.

“இந்தச் சோப்பு யாருக்கு?”

“ஒனக்குத்தான்.”

“எனக்கா?”

அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நீ பாயை எடுத்துட்டு அடுக்களைக்குப் போனேல்லா. ஆட்டு வாடை ஒனக்குக் கொமட்டுது போலன்னு நெனச்சேன். வயசாச்சுல்லா, புடிக்காமப் போயிருக்கும்னு. அதான் நல்லாத் தேச்சுக் குளிச்சேன். குளிச்சும் நீ வரல.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. பாதியில்தான் கவனித்தேன், நான் கால்களைப் பின்னவில்லை. அடிவயிற்றைக் கையால் தாங்கவில்லை. எதுவும் கசியவும் இல்லை, இறங்கவும் இல்லை. இந்த உடம்பு எனக்குப் புதிது. முன்பிருந்த உடம்பு இல்லை இது. உள்ளே ஒரு காலியிடம் இருக்கிறது, ஒரு பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. ஆனாலும் என்னுடையது.

அவர் சோப்புப் போட்ட வருடங்களும், நான் வேட்டியைக் கிழித்துக் கட்டிய வருடங்களும் ஒரே வருடங்கள்தான். ஒரே கூரைக்கு அடியில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஏங்கிக் கிடந்திருக்கிறோம். அந்த வருடங்களை எந்தத் தையலும் திருப்பித் தராது. அது எனக்குத் துக்கம்தான்.

அவர் தோளைத் தொட்டேன். “நாளைக்குக் குளிக்காம வாங்க” என்றேன்.

மறுநாள் வெயில் தாழ, ஆடுகளை வலைக்குள் விட்டுவிட்டு, அவர் நேராக என்னிடம் வந்தார். “ஏட்டி, தள்ளி உக்காரு” என்று பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்மேல் ஆட்டு வாடை அடித்தது.