முகமில்லாத பொல்டி

வியன்னாவில் பதினோரு வருஷமாக ஓவியர்கள் முன்னால் அசையாமல் நிற்பதுதான் பொல்டிக்குப் பிழைப்பு. கலைப்பள்ளி மேடையில் அவள் பாதத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போடுவார்கள். மணி அடித்ததும் இறங்கி ரெண்டு வாய் ரொட்டி தின்றுவிட்டு, மறுபடி அச்சுப் பிசகாமல் அதே கோட்டுக்குள் நிற்பாள். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மனக்குறை ஒன்றே ஒன்றுதான். அவள் புருஷன் ஃபெர்டினாண்ட் இத்தனை படங்களில் ஒன்றில்கூட அவளைக் கண்டுபிடித்ததில்லை. டிராம் கண்டக்டரான அவன் ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்கு வந்து, தேவதைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ரொம்ப நம்பிக்கையோடு வேறு யாரையாவது காட்டுவான். ஒரு தடவை காட்டியது அப்போலோ என்ற ஆண் தெய்வத்தை. பொல்டி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவனைச் சொல்லி என்ன? உடம்பை இவளைப் பார்த்து வரைந்துவிட்டு, தலையைக் கிரேக்கச் சிலையைப் பார்த்து வைத்தால் அந்த மனுஷன்தான் என்ன செய்வான்!

அந்தக் குளிர்காலத்தில் லிண்ட்னர் என்ற இளம் ஓவியன் கூப்பிட்டான். பழக்கதோஷத்தில் அவள் கையை உயர்த்தி வீனஸாக நின்றாள். அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். நடங்கள், சொறிந்துகொள்ளுங்கள், எதையாவது செய்யுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தான். நடந்தாலும் சிலை நடப்பது போலத்தான் இருந்தது. கடைசியில் இன்றைக்குப் போதும் என்றான்.

அவள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே காலுறையை மாட்டினாள். காலுறை குதிகாலில் சிக்கிக்கொண்டது. நிமிர்ந்தபோது, காகிதத்தைப் பார்க்காமலே லிண்ட்னர் வரைந்துகொண்டிருந்தான். மூன்று நிமிஷம், ஒரு கோடும் அழிக்கவில்லை. வளைந்த முதுகு, துருத்திய முழங்கை, காதுவரை ஏறிய தோள். கூந்தலோடு கோடு நின்றுபோயிருந்தது.

“முகம் எங்கே?” என்றாள்.

“தேவைப்படலை, ஃப்ராவ் பொல்டி.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முகம் இருந்த படத்திலேயே கண்டுபிடிக்காத புருஷன் இதிலா கண்டுபிடிக்கப் போகிறான்?

கண்காட்சியன்று அந்தப் படம் எந்தச் சுவரில் இருக்கிறது என்று அவள் ஃபெர்டினாண்டிடம் சொல்லவில்லை. கணப்பின் பக்கமாக ஒதுங்கி நின்றாள். நாலு கோட்டுக்கு ஒரு சட்டமா என்று சிலர் கேலி செய்தார்கள். ஃபெர்டினாண்ட் மற்ற எல்லாவற்றையும் தாண்டி வந்து அந்தப் படத்துக்கு முன்னால் நின்றான். தொப்பியைக் கழற்றினான்.

“இது நீதானே? காலையில காலுறை மாட்டறப்ப, என்னைத் திட்டிக்கிட்டே இப்படித்தானே தோளைத் தூக்குவே?”

“நான் எங்க திட்டறேன்?” என்றாள் பொல்டி. அசையாமல் நிற்பதற்குப் பேர்போனவளுக்கு அன்றைக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.