செண்பகம் பெயர் வைத்த புழு

செய்தி வந்தபோது புனே கேம்ப் கடைத்தெருவில் ஒரு தையற்கடை வாசலில் நின்றிருந்தேன். போனில் செண்பகத்தின் கணவர். "தங்கச்சி, செண்பகம் போயிட்டா. காலையில நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரி போய்ச் சேரல" என்றார். அதற்குள் எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் துறைத்தலைவரின் இரங்கல் வந்துவிட்டது. கூட்டம் எங்கே, எப்போது, தேநீர் உண்டு என்பது வரை அதில் இருந்தது. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இன்னும் அடங்கவில்லை. அவளைத் தெரிந்த புனே நண்பர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இதை அமைதியாக எழுத என்னால் முடியாது.

அவள் திருநெல்வேலி, நான் கோயம்புத்தூர். இங்கே ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் பக்கத்துப் பக்கத்து மேசை. நன்னீர் ஆமைகளின் குடலில் வாழும் உருளைப்புழுக்கள்தான் அவள் வேலை. ஒரு புழுவுக்காக ஆமையைக் கொல்ல அவள் சம்மதித்ததே இல்லை. போபோடியில் ஆற்றோரம் வலையில் சிக்கி ஆமை செத்தால் மீன் பிடிக்கிறவர்கள் அவளுக்குப் போன் செய்வார்கள். அவர்களுக்கு அவள் 'காசவ் மேடம்', ஆமை மேடம். வனத்துறை அனுமதியைக் கைப்பையில் திணித்துக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடுவாள். திரும்பும்போது அந்த நாற்றத்தோடு எந்த ஆட்டோக்காரரும் ஏற்றமாட்டார். நடந்தே வந்த நாட்களும் உண்டு.

புழுவைச் சூடான ஆல்கஹாலில் போட்டால் நேராக நீண்டு கிடக்கும். ஆறியதில் போட்டால் சுருண்டுவிடும், பிறகு அதை வரைய முடியாது. ஒருநாள் அவள் புழுக்களைப் போடப்போகும் நேரத்தில், விருந்தினர் வந்திருக்கிறார்கள், படம் எடுக்கவேண்டும் என்று துறைத்தலைவர் ஆளனுப்பினார். ஆறிவிடும் என்று இந்தியில் சொல்லியனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். அவர் அதை மறக்கவே இல்லை.

தன் புழு புதிய இனம் என்று அவளுக்கு எப்போதோ தெரியும். கிடைத்ததெல்லாம் பெண்புழு. ஆண்புழுவின் வால்நுனியைப் பார்த்தால்தான் துணிந்து சொல்லமுடியும். இருப்பதை வைத்து எழுதிவிடேன் என்று நானே நச்சரித்தேன். "ஏட்டி, நீ கண்ணால பாத்தியா? நான் பாக்கலை. பாக்காம எப்படி எழுத?" என்றாள். வருடக்கணக்கில் காத்திருந்தாள். ஆசிரியர் அறையில் 'புழு மேடம்' என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் முதல் ஆள் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

போன மழைக்காலத்தில் ஆண்புழு கிடைத்தது. வரைந்தாள், எழுதினாள், போபோடியின் பெயரையே இனத்துக்கு வைத்தாள். துறைத்தலைவர் தன் பெயரை முதலில் போடச் சொன்னார். முடியாது என்றாள். கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புவதற்குள் போய்விட்டாள்.

இனி கூட்டத்துக்கு வருகிறேன். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று, செண்பகத்தின் நினைவாகத் தாமே இந்தப் புதிய புழுவை உலகுக்கு அறிவித்து அதற்கு அவள் பெயரைச் சூட்டப்போவதாகத் துறைத்தலைவர் சொன்னார். கைதட்டினார்கள். முன்வரிசையில் அவள் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்.

விலங்கியலில் யாரும் தான் கண்ட உயிருக்குத் தன் பெயரையே வைத்துக்கொள்வதில்லை. வைப்பது இன்னொருவர். அப்படி வைத்தவரின் பெயர்தான் அந்த உயிரின் பெயருக்குப் பக்கத்தில் காலத்துக்கும் நிற்கும். புழுவுக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டுக் கண்டுபிடித்தவளின் இடத்தை மனிதர் சுருட்டப் பார்த்தார். அதுவும் அவள் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டே!

எழுந்து நின்றேன். அந்தப் புழுவில் ஒன்றையாவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா சார் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். இரங்கல் கூட்டத்தில் இதெல்லாம் பேசக்கூடாது என்றார். நீங்கள் பேசலாம், நான் பேசக்கூடாதா என்றேன். யாரோ என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

வெளியே வந்ததும் அவள் கணவர் வருத்தப்பட்டார். "அவ பேரைத்தான வைக்காங்க தங்கச்சி? நல்லதுதான?" நான் விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டார்:

"அவ என்ன பேரு வச்சிருந்தா?"

"போபோடி பேருங்கண்ணா."

"அப்போ அதுதான் பேரு" என்றவர், வீட்டுக்கு அழைத்துப்போய் அவள் எழுதிய கட்டுரையையும் வரைந்த படங்களையும் என்னிடம் கொடுத்தார்.

கட்டுரை போன வாரம் போய்விட்டது, அவள் பெயரில் மட்டும். நன்றி சொல்லும் வரியில் போபோடி மீன்பிடிக்காரர்களுக்குப் பின்னால் நான் இருக்கிறேன், அது போதும். துறைத்தலைவர் என்னோடு பேசுவதில்லை. நிம்மதி.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். அனுப்புவதற்கு முன்னால் ஆண்புழுவின் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். வால்நுனி அவள் வரைந்தபடியே இருந்தது. பார்த்துட்டேன்டி, செண்பகம். கண்ணால பார்த்துட்டுத்தான் அனுப்பினேன்.