ஹுலுகப்பாவின் காலி லாரி

சண்டூர்ச் சுரங்கத்தில் இரும்புத்தாது ஏற்றும் லாரிக்காரர்களான எங்களில் ஹுலுகப்பாவுக்குத்தான் வாய் நீளம். கூடுதல் எடை என்று செக்போஸ்டில் பிடிபடும்போதெல்லாம், லோடு ஏற்றிய பொக்லைன்காரனைத்தான் திட்டுவான்.

"அந்தப் பாவி ஒரு வாளி சேர்த்துக் கொட்டிட்டான்பா. அவன் உருப்படுவானா?"

கடைசியில், எல்லா லாரிக்கும் எடை காட்டும் கருவி கட்டாயம் என்றது சுரங்க நிர்வாகம். ஃபிட்டர் மாபுசாப் வந்து அச்சுகளில் சென்சார் பொருத்தி, வயரை இழுத்து, ஸ்டியரிங் பக்கத்தில் மீட்டரை மாட்டினான். மீட்டரைச் சரிபார்க்க ஹுலுகப்பாவின் காலி லாரியை எடைமேடையில் ஏற்றினால், ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதைவிடத் தொள்ளாயிரம் கிலோ கூடுதல்.

"மேடை பொய் சொல்லுது," என்றான் ஹுலுகப்பா.

மாபுசாப் வண்டி முழுக்க ஏறி இறங்கிப் பார்த்தான். தேய்ந்துபோன டயர் இரண்டு, உடைந்த ஸ்பிரிங் பட்டைகள் ஒரு கட்டு, தளும்பத் தளும்பத் தண்ணீர் டிரம், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க ஆறு பாறாங்கல். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கியர்பாக்ஸ்.

"மாமா, இது எந்த வண்டியோடது?"

"அந்த வண்டியைத்தான் வித்துட்டேனே. இது என்னிக்காவது உதவும்ல?"

"பொக்லைன்காரன் பாவம் மாமா. நீங்கதான் ஒரு காயலான் கடையையே சுமந்துக்கிட்டு அலையுறீங்க."

நாங்கள் சிரித்த சிரிப்பில் புரையேறியது. எதை முதலில் இறக்கப்போகிறான் என்று பார்த்தபடி நின்றோம். ஹுலுகப்பா கியர்பாக்ஸை வாஞ்சையாகத் தடவினான். பிறகு மீட்டரைக் காட்டினான்.

"இது எத்தனை கிலோ இருக்கும்?"

"ஒரு கிலோ இருக்கும்."

"அதை முதல்ல கழட்டு. சும்மா எதுக்கு எக்ஸ்ட்ரா வெயிட்டு?"