மூன்றே முக்கால் மணி நேரம்

விமான நிலைய வாசலில் நின்ற லிப்ட் மெக்கானிக், ஒரு பொய்யை வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "புதுசா நேர் விமானம் விட்டிருக்கான்மா. போன வாரம்தான்."

பதினோரு வருஷத்துக்கு முன் அவர் இங்கே வேலைக்கு வந்தபோது, மலிவு டிக்கெட்டில் இரண்டு இடத்தில் இறங்கி ஏறி, வந்து சேர இரண்டு நாள் ஆனது நிஜம்தான். மூன்றாம் வருஷமே நேர் விமானம் வந்துவிட்டது. அதை மட்டும் அவர் வீட்டில் மூச்சுவிடவில்லை. ஊருக்குப் போனால் கல்யாணம் எப்போ, வீடு எப்போ என்று ஆளாளுக்குப் பிடுங்கியெடுப்பார்கள். அதனால் அம்மா கூப்பிடும்போதெல்லாம், "போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள். லீவே வழியில கரைஞ்சிடும்மா" என்று தட்டிக்கழிப்பார்.

இப்போது அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். பெரிய ஆஸ்பத்திரி இந்த ஊரில்தான் இருந்தது. டிக்கெட்டை அவரே எடுத்து அனுப்பினார். வந்தபின் சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். தங்கையும் கிளம்பும் நேரத்தை மட்டும் பார்த்து ஏற்றிவிட்டாள்.

சக்கர நாற்காலியில் அம்மா வந்தாள். மடியில் ஒரு கனத்த பை. தள்ளிவந்த ஊழியப் பெண் சிரித்தாள். "உங்கம்மாவா சார்? இறங்கவே மாட்டேன்னுட்டாங்க. இது பாதி வழின்னு ஒரே பிடிவாதம்!"

"ரெண்டு நாளைக்குச் சாப்பாடு கட்டிட்டு வந்தேன்டா. ஒரு பொட்டலம்கூடப் பிரிக்கலை. காத்து பின்னாலேருந்து தள்ளிடுச்சோ என்னவோ!" என்றாள் அம்மா.

அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டாள். "எட்டு வருஷமா இதே மூணே முக்கால் மணி நேரம்தாம்மா. இந்த விமானம் வந்த அன்னைக்குத்தான் நானும் வேலைக்குச் சேர்ந்தேன்."

அம்மா அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் பையை வாங்கிக்கொண்டு டாக்ஸியைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் அம்மா கேட்டாள்.

"அப்பா போனப்பவும் இந்த விமானம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"நீ வர ரெண்டு நாளாகும்னு நான்தான் அன்னைக்கே எடுத்துடச் சொல்லி எல்லாரையும் அவசரப்படுத்தினேன். அண்ணன் வரட்டும்னு உன் தங்கச்சி கதறினா. அவளை அதட்டி அடக்கினேன்."

சுவரைப் பார்த்தபடி மிச்சத்தையும் சொன்னார். "அன்னைக்கு மத்தியான விமானத்துல சீட்டும் இருந்துச்சும்மா. பார்த்தேன். எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு நீ போன் பண்ணினப்ப, அப்பாடான்னு இருந்துச்சு."

அம்மா அழவில்லை, திட்டவுமில்லை. தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒன்பதாம் நாள் அம்மாவோடு அவரும் விமானம் ஏறினார். ஊரில், துணி மடித்துக்கொண்டிருந்த தங்கையிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் மடித்த துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் இருந்த இரண்டு நாளும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாலு மாதத்துக்கு ஒருமுறை இப்போது போய் வருகிறார். தங்கை தட்டை வைப்பாள், பரிமாறுவாள், பேச மாட்டாள். போன தடவைதான், "உப்பு போதுமா?" என்று கேட்டாள். அவர் குனிந்தபடியே தலையை ஆட்டினார்.