மியூட்டில் இருந்த வீடு

ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் 'ரூஹெபெரைஷ்' என்று ஒரு பெட்டி உண்டு. அமைதிப் பெட்டி. உதட்டில் விரல் வைத்த முகப்படம் ஒன்று கண்ணாடியில் ஒட்டியிருக்கும். உள்ளே யாரும் போனில் பேசமாட்டார்கள். பிஸ்கட் உறையைக்கூட மெதுவாகத்தான் பிரிப்பார்கள். இருமல் வந்துவிட்டால் யார் முகத்தையும் பார்க்காமல் 'என்ட்ஷுல்டிகுங்' என்று மன்னிப்புக் கேட்பார்கள். வந்த புதிதில், இருமியதற்கெல்லாமா மன்னிப்பு என்று எனக்குச் சிரிப்பு வரும். இப்போது நானே தேடிப் பிடித்து அந்தப் பெட்டியில்தான் இடம் பதிவு செய்கிறேன்.

சரக்குக் கிடங்குகளுக்கான மென்பொருளை நிறுவிக்கொடுப்பது என் வேலை. வாரத்தில் பாதி நாள் வேறு ஊர்தான். முதுகுப்பையில் மாற்றுத்துணி இல்லாமல் போவதுண்டு. அலுவலக லேப்டாப் இல்லாமல் போனதில்லை. அதை எந்தத் தேதியில் எந்த ஊரில் திறந்தேன் என்று குறித்து வைப்பது என் வழக்கம். பள்ளி நாட்களில் மழை பெய்த தேதிகளைக் குறித்து வைத்தவன். அந்தப் புத்தி போகவில்லை. சென்ற ஆனி மாதத்துக் குறிப்பில் மட்டும் ஊர் மாறவே இல்லை. இராஜாக்கமங்கலம், இராஜாக்கமங்கலம் என்று என் சொந்த ஊரே வரிசையாகக் கிடக்கிறது. அந்த வரிசையைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

விடுப்பு போதாததால், அங்கிருந்தே வேலை செய்து கொள்கிறேன் என்று அனுமதி வாங்கிப் போயிருந்தேன். வீட்டில் அப்பாவும் அக்காவும் மட்டும்தான். அப்பா உரக்கடை நடத்தி ஓய்ந்தவர். நெஞ்சில் சளி கட்டி, பேச்சுக்கு நடுவே இருமுவார். வந்த மறுநாள் ஒரு கூட்டத்தில் நான் பேச வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

அதன்பிறகு லேப்டாப் திறந்திருக்கும் நேரமெல்லாம் வீடு அடங்கிப்போனது. அக்கா குக்கரை எடுத்து வைத்துவிட்டுப் பானையில் சோறு வடித்தாள். டிக் டிக் என்று சத்தம் போடும் பழைய மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். மீன்காரரிடம் ஹாரன் அடிக்க வேண்டாம், கோயில் முக்கிலேயே நின்றால் போதும், நான் வந்து வாங்குகிறேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். மாலை ஏழு மணிக் குடும்ப ஜெபம் எங்கள் வீட்டில் புயல் அடித்த நாளிலும் நின்றதில்லை. அப்பா பாட்டைத் தொடங்கினால் சாலையில் போகிறவருக்கும் கேட்கும். அந்த ஜெபம் அடுக்களைக்கு இடம் மாறியது. பாட்டு உதட்டசைவாகச் சுருங்கியது.

இவற்றில் பலவற்றை நான் கவனித்தேன். பழைய மிஷனெரிகளின் நாட்குறிப்புகளை விரும்பிப் படிப்பவன் நான். நம் ஊரின் கூச்சலைப் பற்றி அவர்கள் சலித்துக்கொள்வதைப் படித்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் என் வீடு ஓசையில்லாமல் கிடந்தபோது, நன்றாக இருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒரு வியாழக்கிழமை மாலை, கூட்டத்தின் நடுவே கரண்ட் போய் இணையம் அறுந்தது. வெளியே சாரல். பின்வாசலுக்கு வந்தால், கிணற்றடிப் பலாமரத்தின் கீழே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அப்பா நின்றிருந்தார். மரத்தில் ஒரு கையை ஊன்றி, வாயைத் துண்டால் பொத்தி, இருமிக்கொண்டிருந்தார். அக்கா குடையோடு பக்கத்தில் நின்றாள்.

நனைந்துகொண்டு இங்கே எதற்கு நிற்கிறார் என்று அக்காவிடம் கேட்டேன்.

"நீ மீட்டிங்குல இருந்தேல்லா. வீட்டுக்குள்ள இருமினா வெள்ளக்காரனுக்குக் கேக்கும், ஒன்ன ஒரு மாதிரி நெனப்பான்னு அப்பா சொன்னாவ. தெனமும் இங்கனதான் வந்து நிப்பாவ."

"அக்கா, நான் மியூட்லதான் இருந்தேன்."

"அப்படின்னா?"

"நான் பேசாதப்ப இங்க உள்ள சத்தம் ஒண்ணும் அங்க கேக்காது."

அக்கா குடையை அப்பா பக்கம் சாய்த்துக்கொண்டே கேட்டாள். "எல்லா நாளுமா?"

"முத நாளு மட்டும்தான் பேசினேன்."

"இத அண்ணைக்கே சொல்லப்பிடாதா மக்கா?"

அப்பாதான் பேசினார். "விடுட்டி. அவனுக்கு வேலையில்லா முக்கியம்." பிறகு என்னைப் பார்த்து, "கரண்டு வந்துட்டுதான்னு பாரு மக்களே, அவனுவ தேடப் போறானுவ" என்றார்.

மறுநாள் நானே முன்னறையில் பாயை விரித்து, சத்தமாகப் பாடுங்கள் என்றேன். அப்பா மெதுவாகத்தான் பாடினார். மூடியிருந்த லேப்டாப்பை இடையிடையே பார்த்துக்கொண்டார். நான் புறப்பட்ட அன்று வாசலில் நின்று பயணத்துக்காக ஜெபித்தபோது, "இவன் கையில் இருக்கிற இந்தப் பெட்டியையும் காத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்றார். ஆமென் சொல்லி முடித்ததும் வேகமாகப் பின்பக்கம் போனார்.

போன வாரம் ரூஹெபெரைஷில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு முதியவருக்கு இருமல் விடவில்லை. எழுந்து போய்க் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, இரண்டு பெட்டிகளுக்கு இடையில் நின்று இருமினார். மனம் கேட்காமல் பின்னால் போனேன். உள்ளே வந்து உட்காருங்கள், இருமினால் பரவாயில்லை என்று என் ஜெர்மனில் சொன்னேன். குறை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலும். முகம் சிவக்க இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கே போய்விட்டார்.

அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் செய்தேன். "வண்டியிலயா இருக்க மக்களே?" என்று கேட்டார் அப்பா. ஆமாம் என்றேன். அமைதிப் பெட்டியைப் பற்றி அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. முன்பெல்லாம் லைன் போய்விட்டது என்று வைத்துவிடுவேன். சற்று நேரத்தில் அக்காவின் குரல் வந்தது.

"வச்சிராத. அப்பா வெளிய போயிருக்காவ. இப்ப வந்துருவாவ."

கண்ணாடிக்கு உள்ளே, என் இருக்கையின் முன் திறந்திருந்த லேப்டாப்பில் யாரோ அழைப்பது ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. நான் உள்ளே போகவில்லை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே, அசையும் தகட்டின் மேல் பெட்டிக்கு ஒரு காலாக வைத்தபடி, காதில் அந்த மௌனத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.